“பிள்ளைகளை அவர் அடித்ததே இல்லை”

வாசகர் கேள்விக்கு வழக்கறிஞரின் ஆலோசனை

மேற்கு மாவட்டம் ஒன்றின் சிறு நகரிலிருந்து 36 வயதுச் சகோதரி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, அதன் சாரத்தை இங்கே தருகிறேன்.

திருமணமாகிப் பதினைந்து ஆண்டுகள் ஆகின்றன. மகன் எட்டாம் வகுப்பிலும், மகள் இரண்டாம் வகுப்பிலும் படிக்கிறார்கள். கணவர் இருசக்கர வாகனப் பட்டறை வைத்திருக்கிறார். இவர் ஜவுளிக்கடையில் பில் போடும் வேலைக்குப் போகிறார். குடித்துவிட்டு வரும் இரவுகளில் கணவர் அடிக்கிறார். உறவினர்கள் கூடிப் பேசி, “இனிக் கை நீட்ட மாட்டேன்” என்று இரண்டு முறை எழுதி வாங்கியும் நிற்கவில்லை. பொங்கலுக்குப் பிறகு ஒருநாள் கழுத்தை நெரித்திருக்கிறார். மாமியார் வந்து விலக்கிவிட்டார். மகள் ஆறேழு மாதங்களாக மீண்டும் படுக்கையை நனைக்கிறாள், பேச்சும் திக்குகிறது. வகுப்பாசிரியை அழைத்துக் கேட்டபோது, “வீட்டில் ஒன்றுமில்லை” என்று சொல்லிவிட்டார். சென்ற மாதம் மகன் தங்கையைப் பார்த்து, அப்பாவின் குரலிலேயே, “வாயை மூடு, அறைஞ்சிடுவேன்” என்று கை ஓங்கியிருக்கிறான்.

அவர் கேட்பவை இவை: மகன் பத்தாம் வகுப்பு முடிக்கும் வரை பொறுத்துக்கொள்ளலாமா? வீடு மாமியார் பெயரில் இருப்பதால் தெருவுக்கு வந்துவிடுவேனா? ஐந்து வயதைத் தாண்டிய பிள்ளைகள் தகப்பனுக்குத்தான் என்று கணவர் சொல்வது உண்மையா? புகார் கொடுத்தால் அவர் சிறைக்குப் போய்ப் பட்டறை மூடிவிடுமா? மகனைக் கைப்பேசியில் பதிவு செய்யச் சொல்லலாமா?

அன்புள்ள சகோதரி,

“பிள்ளைகளை அவர் அடித்ததே இல்லை” என்ற வரி உங்கள் கடிதத்தில் நான்கு இடங்களில் வருகிறது. “கழுத்தைப் பிடித்து நெரித்தார், அத்தை வந்து விலக்கினார்” என்பது ஒரே ஓர் இடத்தில், சாப்பாட்டில் உப்பு கூடியதைச் சொல்வது போன்ற வேகத்தில் கடந்து போகிறது. அந்த ஒற்றை வரியிலிருந்தே தொடங்குகிறேன். நீங்கள் கேட்ட ஐந்து கேள்விகளையும்விட அவசரமானது அதுதான்.

கன்னத்தில் அறைவதையும் கழுத்தை நெரிப்பதையும் ஒரே கணக்கில் வைக்காதீர்கள். கழுத்தை நெரித்த ஒருவர் அதே பெண்ணின் உயிருக்குப் பின்னாளில் ஆபத்தாக மாறும் வாய்ப்பு கூடுதல் என்பதைக் குடும்ப வன்முறையை ஆராய்ந்தவர்கள் பல நாடுகளில் கண்டிருக்கிறார்கள். வெளியே தடம் எதுவும் தெரியாமலே உள்ளே காயம் பட்டிருக்கலாம். குரல் மாறியிருந்தாலோ, விழுங்கச் சிரமமாக இருந்தாலோ, தலைசுற்றல் தொடர்ந்தாலோ, நாள் கடந்துவிட்டது என்று எண்ணாமல் அரசு மருத்துவமனைக்குச் சென்று நடந்ததை நடந்தபடியே சொல்லுங்கள். படியில் விழுந்தேன் என்று சொல்ல வேண்டாம். அங்கே விபத்துப் பதிவேட்டில் எழுதப்படும் சில வரிகள் பிறகு நீதிமன்றத்தில் உங்களுக்காகப் பேசும். இன்னொரு முறை அவர் கை உங்கள் கழுத்தை நோக்கி வந்தால், அந்த இரவை அதே வீட்டில் கழிக்காதீர்கள். 112-ஐ அழையுங்கள்.

பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்

இரவில் சத்தம் கேட்கும்போது பிள்ளைகள் உறங்கிக்கொண்டிருந்தார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். என்னிடம் வந்த பெரும்பாலான தாய்மார்கள் அப்படித்தான் சொன்னார்கள். அவர்களுடைய பிள்ளைகளோ, கண்ணை இறுக மூடிக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டதாகச் சொன்னார்கள். அடுத்த சத்தம் எப்போது வரும் என்று காத்துக்கொண்டு படுத்திருக்கும் குழந்தையின் உடல் இரவு முழுவதும் ஓய்வதில்லை. மறுநாள் வகுப்பில் அது கவனக்குறைவாகவும், வயிற்று வலியாகவும், திக்குவாயாகவும் வெளிப்படலாம். ஆகவே, அவர் பிள்ளைகளைத் தொட்டதில்லை என்பது உண்மையாகவே இருந்தாலும், பிள்ளைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்ற முடிவு அதிலிருந்து வராது.

மகளை முதலில் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். விட்டுப்போன படுக்கை நனைக்கும் பழக்கம் திரும்புவதற்குச் சிறுநீர்த் தொற்று, நீரிழிவு போன்ற உடல் காரணங்களும் உண்டு. அவற்றை விலக்கிய பிறகுதான் மனக்கலக்கத்தைக் காரணமாகச் சொல்ல முடியும். எதுவானாலும், ஈரமான பாயைக் காட்டி அவளைத் திட்டவோ கேலி செய்யவோ யாரையும் அனுமதிக்காதீர்கள்.

மகனைப் பற்றி, “அவனும் அப்பனைப் போலவே ஆகிவிடுவானோ” என்று கேட்டிருக்கிறீர்கள். அச்சம் நியாயமானது, ஆனால் அது விதியல்ல. இத்தகைய வீடுகளில் வளர்ந்து, வாழ்நாளில் ஒருமுறைகூடக் கை ஓங்காத ஆண்கள் ஏராளம். அவன் தங்கையை மிரட்டியதை, கோபம் வந்தால் வீட்டில் இப்படித்தான் பேசுவார்கள் என்று கற்றுக்கொண்ட பதின்மூன்று வயதுப் பையனின் செயலாகப் பாருங்கள். கற்றதை மாற்றிக் கற்பிக்க அந்த வயதில் இன்னும் இடமிருக்கிறது. “நம் வீட்டில் யாரும் யாரையும் அடிக்கக் கூடாது, நீயும்தான்” என்று உறுதியாகச் சொல்லுங்கள். “அப்பனைப் போலவே இருக்கிறாய்” என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இதே பையன்தான் சண்டை நடக்கும் இரவுகளில் உங்கள் அறை வாசலில் வந்து உட்காருகிறான் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அதைப் படித்தபோது உங்கள் மகன் மீது எனக்குப் பெரும் இரக்கம் உண்டாயிற்று. அவன் தன்னைக் காவலுக்கு நிறுத்திக்கொண்டிருக்கிறான். அந்த வேலையிலிருந்து அவனை விடுவிக்க வேண்டும். இரு பிள்ளைகளிடமும், தனித்தனியாக, அமைதியான ஒரு பகல் வேளையில் மூன்று செய்திகளைச் சொல்லுங்கள்: இது உங்களால் நடப்பதில்லை, இதை நிறுத்துவது உங்கள் பொறுப்பு இல்லை, சத்தம் கேட்டால் நடுவே வராமல், பாட்டியின் அறைக்கோ பக்கத்து வீட்டுக்கோ போய்விடுங்கள். தகப்பனைத் தூற்ற வேண்டியதில்லை. அவர்கள் அவரை நேசிக்கிறார்கள், அதே நேரத்தில் அஞ்சுகிறார்கள். இரண்டும் ஒரு பிள்ளை மனத்தில் சேர்ந்தே இருக்கும்.

வீடு, பிள்ளைகள், சிறை

உங்களுக்கு மிகவும் பயன்படக்கூடியது 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம். 2006 அக்டோபர் 26 முதல் நடைமுறையில் இருக்கும் இந்தச் சட்டத்தை, கணவரைச் சிறைக்கு அனுப்பும் சட்டம் என்று பலரும் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் நீதித்துறை நடுவர் முன் கேட்பது பாதுகாப்பு, வசிப்பிடம், பணம், பிள்ளைகள் ஆகியவை குறித்த உத்தரவுகளை மட்டுமே. அவர் பட்டறைக்குப் போவதை இந்த மனு தடுக்காது. நீதிமன்றம் போட்ட பாதுகாப்பு உத்தரவை மீறினால்தான் அது குற்றமாகிறது. அதற்கு ஓராண்டு வரை சிறை, அல்லது 20,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். மனைவிக்கு இழைக்கும் கொடுமைக்கான குற்ற வழக்கு தனியானது. முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் 498-ஏ என்று அறியப்பட்ட அது, 2024 ஜூலை முதல் அதற்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 85-ஆம் பிரிவாக இருக்கிறது. அந்தப் புகாரைத் தருவதா, எப்போது தருவது என்பதை நீங்கள் பிறகு முடிவு செய்யலாம். இந்த மனுவுக்கு அது முன்நிபந்தனை இல்லை.

வீடு மாமியார் பெயரில் இருப்பதால் உங்களுக்கு அங்கே இடமில்லை என்று கணவர் சொல்வதை அப்படியே நம்பிவிடாதீர்கள். மணவாழ்வில் நீங்கள் குடியிருந்த வீடு கணவரின் பெற்றோருக்குச் சொந்தமானதாக இருந்தாலும் அது ‘பகிர்ந்து வாழும் வீடு’ ஆகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபர் 15 அன்று, சதீஷ் சந்தர் அகுஜா வழக்கில் தீர்ப்பளித்தது. அதற்கு முன்பு பதினான்கு ஆண்டுகளாக நிலவிய மாறான தீர்ப்பைச் சரியல்ல என்று ஒதுக்கியது. இதனால் வீட்டில் உங்களுக்குச் சொத்துரிமை வந்துவிடாது. முதிய மாமியாரின் நிம்மதியையும் நீதிமன்றம் எடை போட்டுப் பார்க்கும். ஆனாலும் சட்ட நடைமுறை இல்லாமல் உங்களை வெளியேற்ற முடியாது; கணவரை வீட்டைவிட்டு வெளியேறச் சொல்லவோ, உங்களுக்கு வேறு வீடு பார்த்து வாடகை கொடுக்கச் சொல்லவோ நடுவருக்கு அதிகாரம் உண்டு. எத்தனையோ பெண்கள் நள்ளிரவில் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு ஓடியிருக்கிறார்கள். வெளியேற வேண்டியவர் மற்றவர் என்று சட்டம் சொல்ல முடியும் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்கவில்லை.

ஐந்து வயதுக் கணக்கு ஒரு பாதி உண்மை. 1956-ஆம் ஆண்டின் இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம், ஐந்து வயது நிறையாத குழந்தை சாதாரணமாகத் தாயிடம் இருக்க வேண்டும் என்கிறது. ஐந்து முடிந்த மறுநாள் பிள்ளையைத் தகப்பனிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அது எங்கும் சொல்லவில்லை. குழந்தையின் நலனே தலையாயது என்று அதே சட்டத்தின் 13-ஆம் பிரிவு கூறுகிறது. சிந்தித்துச் சொல்லும் வயதை எட்டிய பிள்ளையின் விருப்பத்தையும் நீதிமன்றம் கேட்கலாம். உங்கள் மகன் அந்த வயதில் இருக்கிறான். குடும்ப வன்முறைச் சட்டத்தின் 21-ஆம் பிரிவின் கீழ் பிள்ளைகளைத் தற்காலிகமாக உங்களிடம் ஒப்படைக்கும்படி கேட்கலாம். தகப்பன் வந்து பார்ப்பது பிள்ளைக்குத் தீங்காகும் என்று நடுவர் கருதினால் அதையும் மறுக்கலாம். அவர் உண்மையாகவே பிள்ளைகளிடம் அன்பாக நடப்பவரானால், பாதுகாப்பான இடத்தில், குறித்த நேரத்தில் சந்திக்க ஏற்பாடு கேட்பது பிள்ளைகளுக்கும் நல்லது, நீதிமன்றத்திலும் உங்கள் நேர்மையைக் காட்டும்.

குடியை மட்டும் காரணமாக்காதீர்கள்

குடியை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எழுதியிருக்கிறீர்கள். குடி நோய்க்குச் சிகிச்சை அவசியம். அதை நான் தடுக்கவில்லை. ஆனால் அதே போதையில் பட்டறைக்கு வரும் வாடிக்கையாளரையோ, உடன் குடித்த நண்பரையோ அவர் அடித்ததாக உங்கள் கடிதத்தில் ஓரிடத்திலும் இல்லை. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்திய பிறகுதான் கை ஓங்குகிறார். குடி அந்தக் கையை இன்னும் கொடூரமாக்கலாம். யாரை அடிக்கலாம் என்று தேர்ந்தெடுப்பது குடி அல்ல. சிகிச்சைக்குப் போகிறேன் என்று அவர் சொன்னால் போகட்டும், ஆனால் அந்த வாக்குறுதிக்காக உங்கள் மனுவை நிறுத்தி வைக்காதீர்கள். இரண்டு முறை எழுதி வாங்கிய தாள்கள் உங்கள் பெட்டியில்தானே இருக்கின்றன? பத்திரமாக வைத்திருங்கள். அடித்ததை அவரே ஒப்புக்கொண்ட சான்றுகள் அவை.

மகனைச் சாட்சியாக்க வேண்டாம்

மகன் கையில் கைப்பேசியைக் கொடுத்துப் பதிவு செய்யச் சொல்லாதீர்கள். முதல் காரணம் ஆபத்து: பதிவு செய்வதைத் தகப்பன் கண்டுவிட்டால் அடி அவன் மேல் திரும்பும். அடுத்த காரணம், தாய் அடிபடும்போது ஓடிவர வேண்டுமா, நின்று படம் பிடிக்க வேண்டுமா என்ற தவிப்பு ஒரு சிறுவனின் மனத்தில் எத்தனை ஆண்டுகள் தங்கும் என்று சொல்ல முடியாது. சான்று சேர்க்க வேறு வழிகள் உண்டு: மருத்துவமனைப் பதிவு, காயம் ஆறுவதற்குள் நம்பகமான தோழி எடுக்கும் படம், அக்கம்பக்கத்தார், தேதியிட்டு நீங்கள் எழுதி வெளியிடத்தில் வைக்கும் குறிப்பேடு, அனைத்து மகளிர் காவல் நிலையத்தில் மனு கொடுத்ததற்கான சி.எஸ்.ஆர். ரசீது. காவல் நிலையத்தில் இருவரையும் உட்காரவைத்துப் பேசி அனுப்பிவிடுவது வழக்கமாக நடக்கிறது. அப்படி நடந்தாலும் ரசீது வாங்காமல் திரும்பாதீர்கள்.

பத்தாம் வகுப்பு வரை பொறுக்கலாமா?

பிள்ளையின் படிப்பு கெடக் கூடாது என்ற உங்கள் கவலையை நான் மதிக்கிறேன். ஆனால் எட்டாம் வகுப்பில் இருப்பவன் பத்தாம் வகுப்பு முடிக்க இன்னும் இரண்டு ஆண்டுகளுக்கு மேல் இருக்கிறது, அந்தப் படிப்பு இப்போதே அறை வாசலில் உட்கார்ந்து கெட்டுக்கொண்டிருக்கிறது. கழுத்து வரை வந்த கை இரண்டு ஆண்டுகள் காத்திருக்கும் என்று எவரும் உங்களுக்கு உறுதி தர முடியாது. பொறுத்திருங்கள் என்று சொல்ல என் மனம் இடம் கொடுக்கவில்லை.

அதே நேரத்தில், நாளையே பெட்டியோடு கிளம்புங்கள் என்றும் சொல்ல மாட்டேன். பிரிந்து போகும் நாள்களும் அதை ஒட்டிய நாள்களும்தான் பல பெண்களுக்கு மிக ஆபத்தானவையாக இருந்திருக்கின்றன. கோபத்தில், “நான் போகிறேன், நீதிமன்றத்தில் பார்த்துக்கொள்கிறேன்” என்று சொல்லிவிடாதீர்கள். முதலில் மாவட்ட சமூக நல அலுவலகத்தில், குடும்ப வன்முறைச் சட்டத்தின்படி உதவும் பாதுகாப்பு அலுவலரைப் பாருங்கள், அல்லது பெண்கள் உதவி எண்ணான 181-ஐ அழையுங்கள். பாதுகாப்பு அலுவலர் உங்கள் வாக்குமூலத்தைக் குடும்ப நிகழ்வு அறிக்கையாக எழுதி நடுவருக்கு அனுப்புவார்; கட்டணம் இல்லை. வழக்கறிஞருக்கும் நீங்கள் செலவழிக்க வேண்டியதில்லை. உங்கள் சம்பளம் எவ்வளவானாலும், பெண் என்ற ஒன்றே இலவசச் சட்ட உதவிக்குப் போதுமான தகுதி; மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம், அல்லது 15100 என்ற எண்ணை அழைக்கலாம்.

மனு கொடுத்தால் முதல் விசாரணை சாதாரணமாக மூன்று நாளுக்குள் வர வேண்டும், அதிலிருந்து அறுபது நாளுக்குள் முடிக்க நடுவர் முயல வேண்டும் என்கிறது சட்டம். உண்மையில் மாதக்கணக்கில் இழுப்பதை நான் தினமும் பார்க்கிறேன். அதனால் முதல் நாளிலேயே 23-ஆம் பிரிவின் கீழ் இடைக்கால உத்தரவு கேட்க வேண்டும் என்று உங்கள் வழக்கறிஞரிடம் வற்புறுத்துங்கள். எதிர்த்தரப்பு வருவதற்கு முன்பேகூட அதை வழங்க முடியும். தாய் வீட்டுக்குப் போய்விட்டாலும், நீங்கள் தற்காலிகமாகத் தங்கும் ஊரின் நீதிமன்றத்திலேயே மனுச் செய்யலாம்.

ஆக, உங்கள் முன் இருப்பவை இரண்டு: அதே வீட்டில் இருந்துகொண்டு அவரை விலக்கி வைக்கும் உத்தரவு கேட்பது, அல்லது பிள்ளைகளோடு வெளியேறிப் பிறகு உத்தரவு கேட்பது. முதலாவதில் பள்ளி மாறாது, வேலை மாறாது. ஆனால் உத்தரவு கையில் வரும் வரை அதே கூரையின் கீழ் இருக்க வேண்டும், அவருக்கு நீதிமன்ற அறிவிப்பு வந்து சேரும் இரவு கடினமானதாக இருக்கும். உங்கள் கழுத்தில் கை வைத்தவர் என்பதால், அந்தச் சில நாள்களையாவது அம்மா வீட்டிலோ அண்ணன் வீட்டிலோ கழியுங்கள் என்பதே என் ஆலோசனை. அங்கிருந்தபடியே வீட்டுக்குத் திரும்பும் உத்தரவைக் கேட்கலாம். வெளியே தங்கியதால் வசிக்கும் உரிமை போய்விடாது. வன்முறைக்கு உள்ளான பெண்களுக்கான அரசின் ஒருங்கிணைந்த சேவை மையத்தில் சில நாள் தங்கலாம், ஆனால் ஆண் பிள்ளைகளுக்கு அங்கே வயது வரம்பு உண்டு. பதின்மூன்று வயது மகனைச் சேர்த்துக்கொள்வார்களா என்று முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் மகனை மட்டும் வேறிடத்தில் விடும்படி நேர்ந்தால் அவன் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்வான். பள்ளி மாற நேர்ந்தால், இடம் மாறும் குழந்தைக்கு அரசுப் பள்ளியோ அரசு உதவி பெறும் பள்ளியோ மாற்றுச் சான்றிதழ் தாமதமாவதைக் காரணம் காட்டிச் சேர்க்கையை மறுக்க முடியாது என்று 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு வழி செய்திருக்கிறது.

ஆதார், குடும்ப அட்டை நகல், பிறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம், சிறிது பணம், உங்கள் நகை, வீட்டுச் சாவியின் நகல் ஆகியவற்றைச் சிறிது சிறிதாக உங்கள் கடைத் தோழி வீட்டில் சேர்த்து வையுங்கள். கைப்பேசியின் கடவுச்சொல் அவருக்குத் தெரியுமானால் இந்த விசாரணைகளுக்குத் தோழியின் கைப்பேசியையே பயன்படுத்துங்கள். சண்டை மூளும்போது, கத்தியும் அடுப்பும் இருக்கும் சமையலறைப் பக்கம் ஒதுங்காமல் வாசல் இருக்கும் பக்கம் நில்லுங்கள். கிளம்பும் நாளைப் பிள்ளைகளிடம் முன்கூட்டிச் சொல்லி, தகப்பனிடம் மறைக்க வேண்டிய ரகசியத்தை அவர்கள் தலையில் ஏற்றாதீர்கள்.

மாமியாரை எதிரியாக எண்ண வேண்டாம் என்றும் சொல்லத் தோன்றுகிறது. அன்றிரவு விலக்கியவர் அவர்தான். மகனை எதிர்த்துச் சாட்சி சொல்ல அவரால் முடியாமல் போகலாம். பேரப்பிள்ளைகளுக்கு அவர் அறைக் கதவு இரவில் திறந்திருக்க வேண்டும் என்று கேட்டால் மறுக்க மாட்டார் என நினைக்கிறேன்.

வெளியே சொல்ல வெட்கமாக இருக்கிறது என்று முடித்திருக்கிறீர்கள். 2019–21-இல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 18 முதல் 49 வயதுக்குட்பட்ட, மணமான பெண்களில் ஏறத்தாழ 38 விழுக்காட்டினர் கணவரின் வன்முறையை அனுபவித்ததாகச் சொல்லியிருக்கிறார்கள். உங்கள் கடையில் உடன் நிற்கும் பெண்களிலும் அப்படிச் சிலர் இருக்கக்கூடும். இந்த வாரம் ஒரே ஒருவரிடம் சொல்வதானால், மகளின் வகுப்பாசிரியையிடம் சொல்லுங்கள். அவர் ஏற்கெனவே கவனித்துவிட்டார், கேட்டும்விட்டார். அன்று “ஒன்றுமில்லை” என்றதைத் திருத்திக்கொள்வதில் குறைவேதுமில்லை. பள்ளி வாசலில் பிள்ளையை யாரிடம் ஒப்படைக்கலாம், யாரிடம் கூடாது என்பதை அவரிடம் பேசி வையுங்கள். குடும்ப வன்முறை நடப்பதை அறிந்த எவரும் பாதுகாப்பு அலுவலருக்குத் தெரிவிக்கலாம், நல்லெண்ணத்தோடு தெரிவித்தவர் மீது வழக்கு வராது என்பதையும் அவரிடம் சொல்லுங்கள்; உதவ விரும்பியும் அது தெரியாமல் தயங்கி நிற்பவர் பலர். மகளுக்கு மனநல ஆலோசனை தேவைப்பட்டால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குச் செல்லலாம். இரவு நேரத்தில் நீங்கள் உடைந்துபோகும்போது பேச 14416, பிள்ளைகளுக்காக 1098. இந்த எண்களைப் பெயர் போடாமல், கடைக் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.